மீட்டர் போட்ட கால்கள்

ஒரு மணி நேர ரத்த ஓட்டத்துக்கு நாற்பது ரூபாய், இரண்டு கால்களும் சேர்த்து. யாரும் சொல்லவில்லை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி சுப்பராயலு தானாகவே போட்ட மதிப்பு இது.

ஒரகடம் கம்பெனிகளுக்கு ஜெனரேட்டரும் ஏர் கம்ப்ரசரும் மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறவர். படப்பையில் லாரியிலிருந்து சறுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. சர்க்கரை இறங்கினால்தான் ஆபரேஷன் என்று படுக்க வைத்திருந்தார்கள். நர்ஸ் மெர்சி அவருடைய இரண்டு கெண்டைக்காலிலும் நீலப் பட்டை சுற்றி, அதன் குழாய்களைக் கட்டிலின் பக்கக் கம்பியில் தொங்கிய சின்ன மிஷினில் செருகினாள்.

"படுத்துக்கினே இருந்தா கால்ல ரத்தம் தேங்கிடும் ஐயா. இது காத்தடிச்சு மேல தள்ளும்."

சுப்பராயலுவுக்கு வலி பாதி மறந்துபோனது. நம்ம கம்ப்ரசருக்குத் தம்பி போலிருக்கிறதே என்று கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். காற்று முதலில் கணுக்காலைப் பிடித்தது, பிறகு சதையை. பற்பசையைப் பிதுக்குகிற மாதிரி. பன்னிரண்டு விநாடி இறுக்கம், அப்புறம் புஸ். நிமிடத்துக்கு ஒரு தரம்.

மிஷினின் முகத்தில் ஓடிய மணிக்கணக்கு தெரிந்தது. ஷிப்டுக்கு ஒருமுறை மெர்சி அதைப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவருடைய ஜெனரேட்டருக்கும் சைட் சூப்பர்வைசர் இப்படித்தான் எழுதுவார். மாதக் கடைசியில் பில் போகும். இதில் கேட்டுத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது?

"குழலி, வாசல்ல நில்லு. அந்தப் பொண்ணு வந்தா இருமு," என்று மனைவியிடம் சொல்லிவிட்டு சுவிட்சை அணைத்தார்.

"கம்பெனிக்காரனுங்க மீட்டர நிறுத்திட்டு மிஷின ஓட்றானுங்கன்னு ஊரெல்லாம் திட்டுவ," என்றாள் ஏலவார்குழலி. "நீ மிஷினயே நிறுத்தற."

"சும்மா கெடக்குற காலுக்கு இன்னாத்துக்கு மீட்டரு?"

அவள் இருமிய இருமலுக்கு மெர்சி சிரப் சிபாரிசு செய்யும்படி ஆயிற்று.

நாலாம் நாள் காலை, மெர்சி எழுதிவைத்த எண்களை முதல்முறையாகச் சேர்த்துப் பார்த்தாள். இடது கெண்டைக்காலை அமுக்கினாள். வீங்கி விறைத்திருந்தது. பட்டையைக் கழற்றினாள்.

"மூணு நாள்ல இருபத்தொரு மணிதான் ஓடிக்கீது. ரத்தம் கட்டியிருந்தா நுரையீரல்ல போய் அடைச்சிக்கும் ஐயா. ஸ்கேன் பாத்துட்டுதான் மறுபடி போடணும்."

ஏலவார்குழலிக்கு இப்போது இருமல் வரவில்லை.

ஸ்கேன் அறையில் தொடையில் ஜெல் தடவினார் டாக்டர். திரையில் கறுப்பு வட்டம் ஒன்று.

"இது இன்னாங்க?"

"ரத்தக் குழாய். அமுக்கினா மூடிக்கணும். மூடலன்னா உள்ள கட்டி."

அமுக்கினார், மூடியது. முழங்கால் பின்னால், மூடியது. கெண்டைக்காலில் ஒன்று மூடத் தயங்கியது. சுப்பராயலு மூச்சைப் பிடித்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம் அழுத்த, அதுவும் மூடியது.

"அடிபட்ட வீக்கம்தான். தப்பிச்சீங்க."

கட்டிலுக்குத் திரும்பியதும் மெர்சி பட்டையைச் சுற்றினாள்.

"வாடகை மணிக்கு இன்னாம்மா?"

"வாடகையா? ரூம் சார்ஜ்லயே சேந்தது. ஓடினாலும் ஓடலன்னாலும் அதே பில்லு."

"அப்போ எதுக்கு எழுதுற?"

"ஒரு நாளைக்குப் பதினெட்டு மணியாச்சும் ஓடுச்சான்னு பாக்கத்தான்."

அவர் விரல் விட்டு எண்ணினார். "இனிமே இருபத்துநாலும் ஓட்டினா, வுட்டத கழிச்சிக்கலாமா?"

"போன மணிய உங்க கால் வரவு வெச்சிக்காது ஐயா."

மிஷின் புஸ்ஸென்றது. சுப்பராயலு மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதினார்: ஓட வேண்டியது 54. ஓடியது 21. பாக்கி 33.