அழுத்தாமல் விட்ட ஸ்கேன்

எல்லாரும் சௌக்கியம்தானே? மாதா மாதம் சுருண்டு படுக்கிறவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள். இது அப்படிப்பட்ட ஒருத்தியின் அக்கா கதை.

அக்கா ஸ்கேன் டாக்டர். பதினாறு வருஷ அனுபவம். நாலு வருஷத்துக்கு முன்னால் சொந்தத் தங்கையே மாதவிலக்கு வலி தாங்காமல் அவள் முன் வந்து படுத்தாள். கருவியை உள்ளே விட்டுப் பார்க்கும் உள்வழி ஸ்கேன். கர்ப்பப்பை பின்னாலிருக்கும் குடலோடு ஒட்டாமல் அதன்மேல் வழுக்கி நகர்கிறதா என்று பார்க்கக் கருவியை லேசாக அழுத்த வேண்டும். அழுத்தியதும் தங்கை, "ஐயோ, அக்கா!" என்று துடித்துப்போனாள்.

வேறு யாராவதென்றால், "கொஞ்சம் பொறுத்துக்கோம்மா" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து பார்த்திருப்பாள். கூடப் பிறந்தவளாயிற்றே, மனசு கேட்கவில்லை. கருவியை எடுத்துவிட்டாள். கட்டி எதுவும் தெரியவில்லை என்பதை வைத்து 'நார்மல்' என்று கையெழுத்துப் போட்டாள்.

அந்தத் தாள் தங்கையின் மாமியார் பீரோவுக்குப் போனது. தங்கை படுத்தால் போதும், தாள் வெளியே வரும்.

"உங்க அக்காவே எழுதிக் குடுத்திருக்கா. அவளுக்குத் தெரியாத வலி உனக்கு எங்கேருந்து வந்துச்சு?"

தங்கையும் அக்கா சொன்னால் சரிதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். வேறு டாக்டரிடம் போகவேயில்லை.

போன வாரம் இடுப்பு வலிக்கு எடுத்த எம்.ஆர்.ஐ. எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தது. எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு மாதிரியான திசு வெளியே பரவி, இடப்பக்கச் சிறுநீர்க் குழாயை நெரித்திருந்தது. அந்தப் பக்கச் சிறுநீரகம் சுருங்கியே போய்விட்டது. ஆபரேஷனுக்கு முன் எது எதோடு ஒட்டியிருக்கிறது என்று மறுபடி ஸ்கேனில் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். தங்கை நேராக அக்காவிடமே வந்தாள்.

"வேற டாக்டர் பாக்கட்டும்டி. ஏற்கெனவே ஒரு தடவை விட்டவ நான்."

"அதனாலதான் நீ பாக்கணும்."

"வலிக்கும்டி."

"இத்தனை நாளும் வலிக்காத மாதிரிப் பேசுறியே! உன் தாளுக்கு எங்க அத்தை மாலை போடாததுதான் பாக்கி."

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"போன கிட்னி திரும்பி வராதாக்கா?"

வராது என்று அக்கா தலையை ஆட்டினாள்.

"சரி, இன்னொண்ணையாவது காப்பாத்து. நான் கத்தினா எடுத்துடாதே."

அழுத்தினாள். தங்கை கத்தினாள். அக்கா எடுக்கவில்லை. கர்ப்பப்பை அசையவேயில்லை. குடலோடு ஒட்டிக் கிடந்தது. கண்ணீரில் திரை மங்க, தோளில் துடைத்துக்கொண்டு, வயிற்றின்மேல் வைக்கும் கருவியை எடுத்து வலப்பக்கம் பார்த்தாள். அந்தச் சிறுநீரகம் நன்றாக இருந்தது. இரண்டு தடவை பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

பிறகு ரிப்போர்ட் அடித்தாள். கடைசி வரி: "முந்தைய பரிசோதனை முழுமையாகச் செய்யப்படவில்லை. செய்தது நானே."

தங்கை அதை வாங்கிக் கடைசி வரிவரை படித்தாள்.

"பீரோல வைக்கவா?"

"பழைய தாளுக்கு மேல வை."

உங்கள் வீட்டிலும் 'ஒன்றுமில்லை' என்று எழுதிய தாள் ஏதாவது இருக்கிறதா? அதை நம்பி யார் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்? எழுதுங்கள்.