பெர்மெத்துக்காகப் பிடித்த இருக்கை

கரகோல் நகர நூலகத்தின் மாலை வகுப்பில் அந்தக் குளிர்காலத்துக்கென்று டமிரா அக்கா எடுத்துக்கொண்ட பொருள், தப்பித்தல். தப்பி ஓடுவதைப் பற்றிய புத்தகங்களில் ஆளுக்கு ஒன்றைப் படித்து வந்து மற்றவர்களுக்குக் கதையாகச் சொல்ல வேண்டும். சிறையிலிருந்து ஓடியவன், எல்லையைத் தாண்டியவள், குடியிலிருந்து மீண்டவன், கற்பனையிலேயே வேறு ஊரில் வாழ்ந்து முடித்த ஒரு கணக்கர் என்று அலமாரியில் ஒரு வரிசை முழுக்க இருந்தது.

நான் பகலில் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். மாத்திரைகளை அடுக்கிப் பழகியதாலோ என்னவோ, கேட்ட கதைகளையும் வீட்டுக்கு வந்து மூன்று கட்டங்களாகப் பிரித்து எழுதிவைப்பேன். எதிலிருந்து, எப்படி, பிறகு என்ன. மூன்றாவது கட்டம் பெரும்பாலும் காலியாகவே இருந்தது. ஓடியவர் சுவரைத் தாண்டியதும் புத்தகம் முடிந்துவிடுகிறது. நான்தான் கவனமாகப் படிக்கவில்லையோ என்று டமிரா அக்காவிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. பெர்மெத்திடம் கேட்டேன்.

"பிறகு என்ன இருக்கும்? மாடு கறக்கணும், சாணி அள்ளணும்" என்றாள். "அத எழுதினா யாரு படிப்பா? நம்ம ஓடிட்டா நம்ம மாட்ட யாரு கறக்கிறதுன்னு இந்த ஆளுங்கள்ல ஒருத்தனாவது யோசிச்சானா பாரு."

பெர்மெத் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவின் மருமகள். கணவன் எர்மெக் மாஸ்கோவில் கட்டட வேலையில் இருந்தான். இரண்டு குளிர்காலமாக ஊருக்கு வரவில்லை. வீட்டில் அவளும் மாமியார் சல்கின் அம்மாவும் மட்டும். கல்யாணத்துக்கு முன்பே செவிலியர் படிப்பை முடித்திருந்தாள். வேலைக்குப் போக வேண்டும் என்றபோது எர்மெக் தொலைபேசியில் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டான். மாலை வகுப்புக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. அதுவும் நான் வந்து கூட்டிப்போய் நானே கொண்டுவந்து விடுவதால்.

நவம்பரில் தலைநகர் பிஷ்கெக்கின் ஒரு மருத்துவமனையிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. வருகிற திங்கட்கிழமை வந்து சேரவில்லையென்றால் அந்த இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும். யாரிடமும் கேட்கப்போவதில்லை, கிளம்பிவிடப் போகிறேன் என்று அவள் நூலகப் படியில் வைத்துச் சொன்னபோது எனக்குப் பயமாக இருந்தது. அவளுக்கு இல்லை.

திட்டம் எளிமையானது. அவளுடைய வெள்ளை அங்கியும் சான்றிதழும் துணிமணிகளும் கொஞ்சம் கொஞ்சமாக என் வீட்டுக்கு வந்து ஒரு பையில் சேர்ந்தன. சனிக்கிழமை மதியம் பிஷ்கெக் போகும் வாடகைக் காரில் ஓர் இடம் பிடித்தேன். காரைப் பள்ளிக்கூட முனையில் நிறுத்தி, பையை அதில் போட்டுவிட்டு, "இன்னைக்கு வகுப்பு சீக்கிரம்" என்று அவளை வாசலிலிருந்தே கூப்பிட வேண்டும். அவ்வளவுதான். நான் அதைப் பலமுறை எழுதிப் பார்த்தேன், எங்கே தவறும் என்று. வெளிக்கதவைத் திறப்பது சல்கின் அம்மாவாக இருந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் எழுதிப் பார்க்கவில்லை.

"அட, சய்கால்! வா உள்ள."

"இல்லம்மா, நேரமாச்சு. பெர்மெத்த மட்டும்..."

"ரொட்டிய வாயில வெக்காம என் வாசல்லேர்ந்து யாரு போயிருக்கா? பேய் தொரத்தினாலும் ஒரு துண்டு பிட்டுப் போட்டுட்டுப் போலாம். வா, வா."

இதற்கு மேல் மறுக்க எங்கள் ஊரில் யாருக்கும் வராது. ஒரு துண்டுதானே என்று செருப்பைக் கழற்றினேன். உள்ளே விரிப்பு போட்டிருந்தது. ரொட்டி, பாலாடை, ஆப்பிள் ஜாம். பெர்மெத் பயணத்துக்கென்று இரண்டு ஸ்வெட்டர்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, வியர்த்துப்போய் நின்றாள். என்னைப் பார்த்த பார்வையில், ஏன் உள்ளே வந்தாய் என்பது தெளிவாக இருந்தது.

"டீ ஊத்தும்மா" என்றார் சல்கின் அம்மா.

மருமகள்தான் ஊற்ற வேண்டும். கிண்ணத்தில் கொஞ்சமாக ஊற்றுவதுதான் மரியாதை. நிறைய ஊற்றினால் சீக்கிரம் போய்த் தொலை என்று அர்த்தம். பெர்மெத் எனக்கு விளிம்புவரை ஊற்றினாள்.

"என்னடி இது, விருந்தாளிய வெரட்டுற?" என்று சிரித்தார் அம்மா. பிறகு முட்டிவலியைப் பற்றி, சினையாக இருக்கும் பசுவைப் பற்றி, எர்மெக் அனுப்பாத பதிலைப் பற்றிப் பேசினார். "இவ இல்லன்னா நான் சுவரோடதான் பேசணும். நீ கூட்டிட்டுப் போற நாள்லயும் திரும்பி வர்ற வரைக்கும் பசுகிட்டதான் பேசுவேன். அது என் மகன விடப் பரவால்ல, தலையாவது ஆட்டுது."

வெளியே கார் ஒலி எழுப்பியது. மறுபடியும் எழுப்பியது. பிறகு வெளிக்கதவு தட்டப்பட்டது. நான் நுழைந்த வாசலை முனையிலிருந்தே பார்த்திருந்த ஓட்டுநர், தடித்த தோல் மேலங்கியில் வந்து நின்றார்.

"பை மட்டும் வண்டில இருக்கு, ஆளக் காணோம். மத்தவங்க எல்லாம் என்னைத் திட்டுறாங்க."

"முதல்ல ரொட்டிய எடு, தம்பி. அப்புறம் திட்டு வாங்கலாம்" என்றார் சல்கின் அம்மா.

அவரும் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். எனக்கு அழுகை வந்தது.

"எந்தக் குலம் நீ?"

"புகு குலம்மா. அதான், மான் குலம்."

"நாங்களும்தான். அப்பா பேரு என்ன? தாத்தா?"

எங்கள் ஊரில் ஏழு தலைமுறைப் பெயர் தெரியாத ஆண்பிள்ளையை ஆண்பிள்ளையாகவே எண்ணமாட்டார்கள். ஓட்டுநர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். ஐந்தாவது பெயரில் சல்கின் அம்மா தொடையில் தட்டினார்.

"செகிஸ்பாயா? அவரு எங்க பெரிய தாத்தாவோட கூடப்பிறந்தவரு! அப்போ நீ எனக்குத் தம்பி மகன்டா! வண்டி ஓட்டி ஓட்டி அத்த வீட்டத் தாண்டித் தாண்டிப் போயிருக்க, வெக்கமா இல்ல?"

ஓட்டுநர் எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டார். நிஜமாகவே கண் கலங்கியிருந்தார். அப்புறம், சொந்தக்காரர் என்ற உரிமையில், சத்தமாகக் கேட்டார்.

"சரி அத்தே, இங்கேர்ந்து யாரு எங்கூட வர்றது?"

பெர்மெத்தின் கையில் தேநீர்க் கெண்டி இருந்தது. நான் அவளைப் பார்த்தேன். சொல்லிவிடு என்று மனதுக்குள் கத்தினேன். நான் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டியது அவள்தான் என்று நினைத்தேன். அது மரியாதையா கோழைத்தனமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. சல்கின் அம்மா சிரித்த முகத்தோடு ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"சய்கால்" என்றாள் பெர்மெத். "சய்கால்தான் போறா. பிஷ்கெக்ல வேலை கெடச்சிருக்கு. அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தா."

"அடிப் பாவி, வாயத் திறந்தியா நீ? உங்கம்மா எப்படி விட்டா?"

என்னால் தலையை மட்டும் ஆட்ட முடிந்தது, பசுவைப் போல. அதற்குள் அவர் எழுந்து வெண்ணெய்ப் பாத்திரத்தையும் உலர்ந்த ஆப்ரிகாட் பழங்களையும் கட்டிக்கொண்டிருந்தார். பிறகு எல்லாரையும் உட்காரவைத்து உள்ளங்கைகளை விரித்தார். "போற வழி வெள்ளையா இருக்கட்டும். பக்கத்துல நல்லவங்க இருக்கட்டும்" என்று ஆசீர்வதித்தார். நாங்கள் நால்வரும் கைகளால் முகத்தைத் தடவிக்கொண்டோம். பெர்மெத் முகத்திலிருந்து கையை எடுக்கக் கொஞ்சம் தாமதமானது.

காரில் அவளுக்கென்று பிடித்த ஜன்னலோர இருக்கையில் நான் உட்கார்ந்தேன். இடப்பக்கம் ஏரி வரும், பார்த்துக்கொண்டே போகலாம் என்று அவள் கேட்டு வாங்கிய இருக்கை. ஏரி கண்ணில் படுவதற்கு முன்பே, துயுப் என்ற ஊரிலேயே, நான் இறங்கிக்கொண்டேன்.

"எதுக்கு? வழி முழுக்க இடம் பிடிச்சிருக்கியே!" என்றார் ஓட்டுநர்.

"மனசு மாறிடுச்சு அண்ணே. அந்த வீட்ல சொல்லிடாதீங்க."

"நான் ஏன் சொல்றேன்? நம்ம அத்த, மனசு கஷ்டப்படும்."

பையோடு சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கம் கரகோல் போகும் வண்டிக்குக் காத்திருந்தேன். ஞாயிறன்று பெர்மெத்துக்கு வேறு வண்டி பார்க்க முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன். அவளை வீட்டிலிருந்து வெளியே அழைக்க என்னைவிட்டால் ஆள் இல்லை. நானோ பிஷ்கெக் போய்விட்டேன்.

திங்கட்கிழமை வந்தது, போனது.

சில நாள் கழித்து, வேலை பிடிக்கவில்லை என்று திரும்பி வந்ததாகச் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். ஆனால் ஓட்டுநர் இருமல் மருந்து வாங்க என் கடைக்கே வந்தார். பிஷ்கெக் போகும் நாளெல்லாம் அத்தை வீட்டில் ரொட்டி தின்றுவிட்டுத்தான் போகிறாராம்.

"உன்னப் பத்திக் கேட்டுக்கிட்டே இருக்காங்க. நான் விட்டுக் குடுப்பேனா? நல்ல வேலை, தங்க இடம் குடுத்துட்டாங்கன்னு சொன்னேன். போன வாரம் தலைமைச் செவிலியர் ஆக்கிட்டேன்."

"அண்ணே! நான் செவிலியரே இல்ல!"

"அது அவங்களுக்குத் தெரியாதே. உனக்குன்னு வெண்ணெய் குடுத்து விடுறாங்க."

"வெண்ணெய் எங்க?"

அவர் மருந்துச் சீட்டை மிகவும் கவனமாகப் படிக்க ஆரம்பித்தார்.

வகுப்பில் பெர்மெத்தின் நாற்காலியில் இப்போது எல்லாரும் கோட்டுகளைப் போடுகிறார்கள். சய்கால் போய்விட்டாள், இனி யாரோடு போவாய் என்று மாமியார் சொல்லிவிட்டாராம். டமிரா அக்கா தொலைபேசியில் கேட்டபோது அவளே சொன்னது. குரல் சாதாரணமாக இருந்தது என்றார் அக்கா. நான் வேலைக்குச் சுற்றுவழியில் போகிறேன், தலைத்துணியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு. வகுப்பில் என் முறை வந்தபோது உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

புத்தாண்டுக்கு முன் சந்தையில் அவர்களைப் பார்த்தேன். சல்கின் அம்மா கேரட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து விலை பேசிக்கொண்டிருந்தார். கூடையோடு பக்கத்தில் பெர்மெத். நான் கம்பளிச் செருப்புகள் கட்டித் தொங்கவிட்டிருந்த கடையின் பின்னால் பதுங்கினேன். செருப்புக்காரி, "வாங்கறதா இருந்தா முன்னாடி வா" என்று அதட்டினாள். அந்தச் சத்தத்தில் பெர்மெத் திரும்பினாள்.

என்னைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். அவர்கள் வீட்டுக்குப் போகும் வழி என் பக்கமாகத்தான் இருந்தது. அம்மா அந்தப் பக்கம் அடியெடுத்து வைத்தார்.

"அத்தே, அங்க வழுக்கும். இப்படிப் போலாம்" என்றாள்.

அவள் காட்டிய பக்கத்தில்தான் தரை பனிக்கட்டியாக இருந்தது. மாமியாரின் முழங்கையை இறுகப் பற்றிக்கொண்டு, ஒவ்வோர் அடியாகப் பார்த்து வைத்து, அவரை மெல்ல நடத்திக்கொண்டு போனாள்.