காற்றுக்கு ஒரு மடை

...அவங்களுக்கு என்றானே அந்தத் திருமுருகன், அந்த ஒரு வார்த்தைதான் ராஜ்கமலின் தொண்டையில் மீன்முள்ளாக மாட்டிக்கொண்டு ஒரு மாதமாக இறங்க மாட்டேன் என்கிறது, ‘முன்னாடி ஒரு ஏர் டேம் போட்டுக் குடுங்க பாஸ் அவங்களுக்கு, இன்னும் பறப்பாங்க’, அவங்களுக்காம், ரேஸ் கார் யாருடையது, எஞ்சினை இறக்கி ஏற்றியது யார், புரண்டால் ஆளைக் காக்கும் கூண்டுக் கம்பிக்கு வெல்டிங் வைத்துக் கண்ணில் மண்ணை வாரிப் போட்ட மாதிரி எரிய விடிய விடிய உட்கார்ந்திருந்தது யார், மூன்று வருடமாக அதை ஓட்டிக்கொண்டிருப்பது யார், எல்லாம் இவன், கல்யாணமான புதிதில் உப்பு லோடு அடிக்கும் குட்டியானையில் உட்கார வைத்து இது கிளட்ச்சு இது பிரேக்கு என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் இவன், பொண்டாட்டி ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட் மாட்டினாள், உடனே அவங்களுக்கு! இவன் என்ன, அவளுக்குச் சம்பளத்துக்கு வைத்த ஆளா? திருமுருகன் சொன்னபோது இவன் சிரிக்கவும் சிரித்தான், அதுதான் இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது, பாண்டிச்சேரியிலிருந்து ரேஸுக்கு வந்த ஒருத்தன் நம் காரைப் பார்த்து யோசனை சொல்கிறான், பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாயே ஐயா என்று தன்னையே கேட்டுக்கொண்டு, நீல டிரம்மின் பாதியைக் காரின் மூக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தான்.

டிரம் நன்றாகத்தான் உட்கார்ந்தது. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது, கெமிக்கல் வந்த பெரிய பிளாஸ்டிக் டிரம், நெடுக்காக அறுத்து, ஹீட் கன்னால் சூடு காட்டி, இரண்டு உப்பு மூட்டைக்கு அடியில் வைத்து ஓரளவு நிமிர்த்திவிட்டால் மிச்சம் இருக்கும் வளைவு பம்பரின் வளைவுக்கே அளவெடுத்த மாதிரி வந்துவிடுகிறது. கடையில் வாங்கினால் கண்ணாடி நாரில் வார்த்து, பளபளவென்று, தட்டினால் உடைகிற மாதிரி ஒன்று தருவான், இது லாரி ஏறினாலும் உடையாது. வேலை ஒன்றும் பிரமாதமில்லை, வேகமாகப் போகும்போது காருக்கு அடியில் காற்று புகுந்து மூக்கைத் தூக்கும், அது புகாமல் தரையை ஒட்டி ஒரு தடுப்பு, அவ்வளவுதான் ஏர் டேம் என்பது. முதலில் அட்டையில் வெட்டிப் பார்த்து, பிறகு டிரம்மில் கோடு போட்டு, கோட்டுக்கு வெளியே கொஞ்சம் விட்டு அறுத்து, ராவி ராவிச் சரிசெய்து... மத்தியானச் சாப்பாட்டைக்கூட மறந்து செய்துகொண்டிருக்கிறான், யாருக்கு? கேள்வி வந்ததும் கை நின்றது. கிடங்கின் தகரக் கதவு வழியாக உப்புக்காற்று வந்துகொண்டே இருந்தது, வெளியே உப்புப் பாத்திகள் கண்ணைக் கூச வைத்தன, பிராக்கெட்டுக்கெல்லாம் எவர்சில்வர் போல்ட்தான் போட வேண்டும், சாதா இரும்பு போட்டால் இந்த ஊரில் ஒரு மழைக்காலம் தாங்காது.

அன்றைக்கு அவள் பெண்களுக்கான ரேஸில் பேருக்கு ஒரு சுற்று சுற்றிவிட்டு வரட்டும் என்றுதான் அனுப்பினான், வேடிக்கைக்கு, அவளும் புடவைக்கடை வாசலில் தயங்குகிற மாதிரி தயங்கித்தான் ஏறினாள், ஏறினவள் இறங்கும்போது இவன் மூன்று வருடத்தில் எட்டின சிறந்த நேரத்தை ஒரு நொடிக்கு மேல் குறைத்துவிட்டு இறங்கினாள். போர்டில் எண்ணைப் பார்த்ததும் இவனுக்கு முதலில் வந்தது சந்தோஷமா? இல்லை. மிஷின் தப்பாகக் காட்டுகிறது என்று தோன்றியது, பிறகு காற்று குறைவு என்று தோன்றியது, பிறகு அவள் எடை குறைவு என்று, ஆமாம், எடைதான், எடைதான்... அதற்குள் அவள் ஹெல்மெட்டைக் கழற்றி, நாலு பேர் நிற்கிறார்களே என்று பார்க்காமல், “என்னங்க, மூணாவது வளைவுல மூக்கு தூக்குதுங்க, ஸ்டியரிங்கு லேசாயிடுது, கையில ஒண்ணுமே இல்லாத மாதிரி” என்றாள். எல்லாருக்கும் கேட்டது. அதற்குத்தான் திருமுருகன் ஏர் டேம் பேச்சை எடுத்தான். மூக்கு தூக்குகிறதாம், இவனுக்குத் தெரியாதா? நேர்ரோடு முடிந்து மூன்றாவது வளைவு தொடங்குகிற இடத்தில் ஸ்டியரிங் பஞ்சாகிப்போவதும், சொல்லாமல் கொள்ளாமல் வலது கால் ஆக்ஸிலேட்டரை விட்டு மேலே வந்துவிடுவதும், ஒவ்வொரு சுற்றிலும், மூன்று வருடமாக, இவனுக்குத் தெரியாதா என்ன? தெரிந்தால் சொல்லியாக வேண்டுமா?

அவள் காலை எடுக்கவில்லை. அன்றைக்கு எடுத்த வீடியோவில் கேட்டால் தெரிகிறது, வளைவுக்குள் போகும்போதும் எஞ்சின் சத்தம் ஒரே இழுப்பாக இருக்கிறது, ராத்திரி அவள் தூங்கின பிறகு காதில் மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறான், வெட்கக்கேடு, பொண்டாட்டி யாரோடோ பேசுகிறாளா என்று ஒட்டுக்கேட்கிறவன் மாதிரி. பயம் தெரியாது அவளுக்கு, அதுதான் விஷயம், நெருப்பு சுடும் என்று தெரியாத குழந்தை கையை வைக்கிறதில்லையா, அந்த மாதிரி, கார் எப்படிப் புரளும் என்று தெரிந்தவன்தான் பயப்படுவான், தெரியாதவள் அமுக்கிக்கொண்டு போய்விடுவாள், இதில் திறமை எங்கே வந்தது? இப்படி நினைத்தால் கொஞ்சம் சோறு இறங்குகிறது. ஆனால் இவன் அம்மாவே அந்த வீடியோவைத் தெருப்பூராவும் காட்டிவிட்டாள், மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் டீக்கடைக்காரன் ‘ரேணுகா வூட்டுக்காரருதானே’ என்று கேட்டுவிட்டுச் சர்க்கரை தூக்கலாகப் போட்டுத் தருகிறான், சர்க்கரை! வருகிற ஞாயிற்றுக்கிழமை ஓப்பன் ரேஸ், ஆணும் பெண்ணும் சேர்ந்தே ஓடுவது, கார் ஒன்று, சீட் ஒன்று, யார் உட்காருவது என்று இவனும் கேட்கவில்லை அவளும் கேட்கவில்லை. கோட்டக்குப்பம் மருந்துக்கடையில் வேலை முடிந்து வருகிறாள், குழம்பு வைக்கிறாள், இன்றைக்கு ஒருத்தர் இருமல் மருந்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார் என்று சொல்லிச் சிரிக்கிறாள், அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவே மாட்டேன் என்கிறாள். திமிரா அது? எப்படியும் எனக்குத்தான் என்ற நினைப்பா? கேட்டுத் தொலைக்கட்டுமே, கேட்டால் சண்டையாவது போடலாம்.

“என்னாப்பா இது, வண்டிக்கு நீலத் தாடி வக்கிறியா?” என்று அந்தோணிசாமி வந்து நின்றார். உப்பு லாரிகளுக்கு மூட்டை ஏற்றும் ஆட்களின் மேஸ்திரி, கிடங்கின் இந்த மூலையைக் கார் நிறுத்தச் சும்மா விட்டுக்கொடுத்தவர், அதனால் அவரிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள முடியாது. காற்று அடியில் போகாமல் தடுக்க என்று சொன்னான். “ஓ, பாத்திக்கு மடை அடைக்கிற மாதிரி காத்துக்கு மடை” என்று அவர் உடனே பிடித்துக்கொண்டார், பிடித்துக்கொண்டவர் அதோடு விட்டாரா, “நம்ம ரேணுகா ஓட்டுன வீடியோ பாத்தேன்பா, யம்மா, பாப்பா என்னா போடு போடுது!” என்று ஆரம்பித்தார். இவன் ஸ்பானரைத் தேடுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டான். போல்ட் ஓட்டை போடுவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருந்தது, ஆள் உட்கார்ந்தால் கார் கொஞ்சம் அமுங்கும், அமுங்கின நிலையில்தான் டேமுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும், பெரிய வித்தியாசமில்லை, ஆளுக்கு ஆள் ஒரு நூல் இரண்டு நூல்தான், கால் அங்குலத்தைத் தாண்டாது, ஆனாலும் ஓட்டை போட்ட பிறகு போட்டதுதான். இவனே உட்கார்ந்துகொண்டு இவனே குனிந்து பார்க்க முடியுமா? ஆளுக்குப் பதில் சீட்டில் உப்பு மூட்டை வைப்பது எப்போதும் செய்வதுதான். அந்தோணிசாமி இருபத்தைந்து கிலோ மூட்டை ஒன்றைத் தோளிலிருந்து சீட்டில் இறக்கினார், இன்னொன்றை இறக்கினார், மூன்றாவதைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நின்று, “ஏம்பா, ரேணுகாவுக்குன்னா ரெண்டு போதும், ஒனக்குன்னா மூணு, யாரு கணக்குக்குப்பா?” என்றார்.

அடப்பாவி மனுஷா, இத்தனை நாள் வீட்டில் யாரும் கேட்காத கேள்வியை மூட்டையைச் சுமந்துகொண்டு வந்து கேட்கிறாரே. கிழவர் தோளில் பாரம் அழுத்துகிறது, சீக்கிரம் சொல்ல வேண்டும், ரெண்டு என்று சொல்ல நாக்கு எழும்பியது போலத்தான் இருந்தது, இல்லை, எழும்பவில்லை, பொய், “மூணு” என்றான், “நான்தான ஓட்டப்போறேன்” என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னான், குரல் தேவைக்கு மேலே பெரிதாக வந்தது. அந்தோணிசாமி மூன்றாவதையும் வைத்து, மூட்டைகள் சரியாமல் இருக்க சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டுத் தன் லாரியைப் பார்க்கப் போய்விட்டார். சரி, முடிந்தது, கேள்விக்குப் பதில் வந்துவிட்டது, இனி நிம்மதியாக வேலை செய்யலாம், தரையில் சாக்கை விரித்துப் படுத்து, மரக்கட்டையை அளவுக்கு வைத்து, கோடு கிழித்து, டிரில்லை அழுத்தினான், நீலச் சுருள்கள் முகத்தில் உதிர்ந்தன. இந்த டேம் இருந்தால் மூக்கு தூக்காது, தூக்காவிட்டால் காலும் எழும்பாது, எழும்பாவிட்டால் அவள் நேரமெல்லாம் எந்த மூலைக்கு... நடுவில் ஒரு நினைப்பு வந்தது பாருங்கள், ஒருவேளை அவள்தான் ஓட்டுவேன் என்று பிடிவாதம் பிடித்தால், ஓரத்துப் போல்ட்டை மட்டும் கொஞ்சம் தளர்வாக... சீ, என்ன பிறவி நான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் போல்ட்டை ஸ்பானர் நழுவுகிற அளவுக்கு இறுக்கினான், விரல் முட்டியில் தோல் பிய்ந்து, உப்புக்கை பட்டு, சுர்ரென்று எரிந்தது.

வெயில் சாய்ந்து பாத்திகள் மஞ்சளாகும் நேரத்தில் ரேணுகா பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே கிடங்குக்கே வந்துவிட்டாள், தோளில் பையோடு. காரைச் சுற்றி வந்து குனிந்து பார்த்து, டேமைத் தட்டிப் பார்த்து, “அழகா வந்துருக்குதுங்க” என்றாள், பிறகு கதவு வழியாக உள்ளே பார்த்துவிட்டு, பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மூட்டைகளைக் கண்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “யாருங்க இது, நீங்களா?” இவன் காருக்கு அடியிலிருந்தபடியே, “நான்தான்” என்றான். சொல்லிவிட்டுக் காத்திருந்தான், வரட்டும், சண்டை வரட்டும், ஒரு மாதமாகக் கட்டி வைத்திருப்பதை எல்லாம் கொட்டுகிறேன். வரவில்லை. “அப்பாடா” என்ற சத்தம்தான் வந்தது. அவள் பையைக் கீழே வைத்து, சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்து, ஸ்பானரைக் கையில் எடுத்துக்கொண்டாள். “எங்க என்னை ஓட்டச் சொல்லிடுவீங்களோன்னு ஒரு மாசமா வாயே தொறக்கலங்க. அந்த வளைவுல ரொம்ப பயந்துட்டேங்க. இன்னும் தூக்கத்துல அந்த ஸ்டியரிங்கு கையில லேசாவுது.” இவன் அடியிலிருந்து தலையை வெளியே நீட்டினான். பயமா? அவளுக்கா? நெருப்பு தெரியாத குழந்தை என்று நினைத்து நினைத்துத்தானே இத்தனை நாள் சோறு இறங்கியது... “அப்புறம் ஏன் காலை எடுக்கல?” என்று கேட்டான், கேட்டபோது கோபமா கெஞ்சலா என்று அவனுக்கே தெரியவில்லை.

“நீங்கதான எடுக்கறதில்ல” என்றாள் அவள், ஊர் தெரிந்த விஷயத்தைச் சொல்கிற மாதிரி. “மூணாவது வளைவுல அவனவன் காலை எடுப்பான், நான் ஒரு தபாகூட எடுத்ததில்லன்னு எத்தினி தபா சொல்லியிருப்பீங்க, எங்க அப்பாகிட்டகூடச் சொன்னீங்களே. நான் போய் எடுத்துட்டன்னா, ஒங்க காரு, ஒங்க பேரு, நாலு பேரு சிரிக்க மாட்டாங்களா? செத்தாலும் பரவால்லன்னு அமுக்கினேன்.” செத்தாலும் பரவாயில்லையாம். எங்கே சொன்னான் அதை, முதலில் எந்தப் பிரியாணியின்போது, யார் வாயைப் பிளந்து கேட்டார்கள் என்பதற்காக... நன்றாக இருந்தது, அதனால் மறுபடி சொன்னான், சொல்லச் சொல்ல அதுவே நடந்த மாதிரி ஆகிவிட்டது, அவள் பக்கத்தில் சோறு பரிமாறிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள், கேட்டதை நம்பியிருக்கிறாள், நம்பினதை எடுத்துக்கொண்டு போய் அந்த வளைவில்... கார் புரண்டிருந்தால்? வலது கால் தானாக மேலே எழும்பியது, ஓடாத காருக்கு அடியில் படுத்திருக்கும்போதே எழும்பியது. அப்போதும் பாருங்கள், அந்தப் பாழாய்ப்போன பொறாமை செத்ததா? இவன் வாயால் மட்டும் செய்ததை அவள் அதே பயத்தோடு காலால் செய்துவிட்டாளே என்று அது ஒரு பக்கம் குமைந்துகொண்டுதான் இருந்தது. இப்போதே சொல்லிவிடலாம், ரேணு, நான் எப்போதும் எடுப்பேன், ஒவ்வொரு தடவையும் எடுப்பேன் என்று, நாலு வார்த்தை, சொல்லாவிட்டால் என்றைக்காவது ஒரு நாள் அவள் மறுபடி ஏறுவாள், மறுபடி இல்லாத ஒருத்தனோடு போட்டி போட்டுக்கொண்டு அமுக்குவாள்... “ஞாயித்துக்கெழம நான் அந்த மூணாவது வளைவு வேலிகிட்டயே நிக்கறேங்க” என்றாள் ரேணுகா, “நீங்க எப்பிடித்தான் அமுக்கறீங்கன்னு ஒரு தபா கேக்கணும், சத்தத்துலயே தெரிஞ்சிடும்ல?” தெரியும் என்றான். அவள் துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு, சாக்கில் அவன் பக்கத்தில் படுத்து, அடுத்த போல்ட் எது என்று கேட்டாள், அவன் இடது ஓரத்து ஓட்டையைக் காட்டினான்.