வெங்காயம் போட்ட ஓட்ஸ்

சாயங்காலம் ஆறரைக்குப் போன் அடித்தால் செபாஸ்தியம்மாள் கையைக்கூடக் கழுவ மாட்டாள். திண்டுக்கல் வெங்காயப் பேட்டையில் பகலெல்லாம் சின்ன வெங்காயத்தின் தாளும் வேரும் நறுக்கித் தரம் பிரித்த கை. அந்த வாடையோடேயே எடுப்பாள். பேசுவது குவைத்திலிருந்து ஆரோக்கியதாஸ், அவள் புருசன். கல்யாணமாகி நாலு வருசம்; சேர்ந்திருந்ததோ மொத்தம் எண்பது நாள். எப்படித்தான் தாங்குகிறார்களோ!

"குட்டியக் காட்டு புள்ள" என்பான் முதலில். போன மாதம் லீவு முடிந்து கிளம்பும்முன், தாடிக்கொம்பு ரோட்டோரம் யாரோ விட்டுப்போன நாய்க்குட்டியைத் தூக்கி வந்து, "நான் இல்லாத வீட்டுல இதாச்சும் ஒன் காலச் சுத்தட்டும்" என்று அவள் மடியில் விட்டவன் அவன்தான். கட்டையன் என்று பேரும் வைத்தான். அந்தக் குட்டியைப் பார்க்கும்போதுதான் அவன் முகத்தில் சிரிப்பு வரும்.

ரெண்டு பாக்கெட் ஓட்ஸும் வைத்துவிட்டுப் போயிருந்தான். அங்கே காலையில் அவனுக்கு அதுதான் சாப்பாடு. அவர் தின்பதை நாமும் தின்போமே என்று அவளுக்கு ஒரு ஏக்கம். ஆனால் வெறும் கஞ்சி தொண்டையில் இறங்க வேண்டாமா? பால் விட்டு, உப்புப் போட்டு, சின்ன வெங்காயத்தை வதக்கிக் கொட்டினாள். கட்டையனுக்கும் தினமும் அதிலேயே ஒரு கிண்ணம். மூன்று பேரும் ஒரே இலையில் சாப்பிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. பாவி மகளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

அஞ்சாம் நாள் கட்டையன் எழுந்திருக்கவில்லை. ஈறு வெளுத்துப்போய், மூத்திரம் சிவப்பாக வந்தது.

"எங்க புள்ள அவன்?" என்றான் அன்று சாயங்காலம் போனில்.

"தூங்குதுங்க."

பொய் சொல்லிவிட்டுப் படுத்தவளுக்குத் தூக்கம் எங்கே வரும்? இது போய்விட்டால் அந்த மனுசனை எதைக் காட்டிச் சிரிக்க வைப்பேன் என்று அழுதாள்.

விடிந்ததும் குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். டாக்டர் தீபா எல்லாம் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"வெங்காயமா? நாய்க்கு அது விஷம்மா. ரத்தத்தையே கெடுத்துரும். பூண்டும் அப்படித்தான்."

"நான் திங்கிறதத்தானே டாக்டரம்மா குடுத்தேன்!"

"அதாம்மா தப்பு. ஓட்ஸ் குடுக்கலாம். வெறும் தண்ணியில குழைய வேகவச்சு, நல்லா ஆறவச்சு, ஒரு சின்ன ஸ்பூன். பால், சர்க்கரை, உப்பு, மசாலா எதுவும் வேணாம். குட்டிக்குன்னு உள்ள சாப்பாடுதான் முக்கியம். இது எப்பவாச்சும் அதோட சேத்து. வயித்துக்கு ஒத்துக்கலைன்னா உடனே நிறுத்திருங்க. நல்லவேளை, இப்பவாச்சும் வந்தீங்க."

மூன்று நாள் குளுக்கோஸ் ஏறியது. மூன்று நாளும் போனில் குட்டி தூங்கிக்கொண்டேதான் இருந்தது. நாலாம் நாள் அது வாலை ஆட்டியதும் அவளால் அடக்க முடியவில்லை. அன்று போனில் நடந்ததையெல்லாம் கொட்டிவிட்டாள்.

"ஏன் புள்ள எங்கிட்ட மறச்ச?"

"ஒங்க சிரிப்புப் போயிருமேன்னு பயந்துட்டேங்க."

கட்டையன் தத்தித் தத்தி வந்து போனை நக்கியது. குவைத்தில் அவன் கன்னத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்தான். பார்த்தவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"பாசம் மட்டும் இருந்தாப் பத்தாதுங்க" என்றாள். "வாயில்லாச் சீவனுக்கு நமக்குப் பிடிச்சதக் குடுக்கக் கூடாது. அதுக்கு எது ஆகும், எது ஆகாதுன்னு தெரிஞ்சவங்கள ஒரு வார்த்த கேட்டுட்டுத்தான் குடுக்கணும். நான் கேக்காம விட்டேன், அது உசுரு போகப் பாத்துச்சு."