குண்டசாலைச் சந்தியில் ஒரு ரேம் விசாரணை

நான் இ.போ.ச. பஸ்ஸில் டிக்கட் செக்கராக இருந்து பென்ஷன் எடுத்தவன். மிதிபலகையில் காலை வைக்கும்போதே எவனிடம் டிக்கட் இல்லை என்று என் மூக்கு சொல்லிவிடும். கண்டிக்கும் மடுல்கெல்லைக்கும் நடுவில் நான் பிடித்த ஆட்களைக் கூட்டிச் சேர்த்தால் பல்லேகல கிரிக்கெட் மைதானம் நிரம்பி, மிச்சப் பேர் மரத்தில் ஏறித்தான் மெட்ச் பார்க்க வேண்டும். பென்ஷனோடு பஸ் போய்விட்டது. மூக்கு போகவில்லை. பாவம், அது வீட்டிலேயே சும்மா கிடந்தது. எங்கள் கம்பியூட்டருக்கு வைரஸ் வந்த அன்றுதான் அதற்கு மறுபடி உத்தியோகம் கிடைத்தது.

கம்பியூட்டர் என் மகள் சர்மிளாவுடையது. எங்கள் முன் ஹோலில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் வகுப்பு நடத்துகிறாள். அதுதான் அவளுக்குத் தொழில், அதுதான் அவளுக்கு மூச்சு. சனிக்கிழமை மாதிரிப் பரீட்சை வைப்பதாகச் சொல்லியிருந்தாள். தவணை முழுக்க உட்கார்ந்து தயாரித்த வினாத்தாள் அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தது. பரீட்சை பிசகினால் தாய்மார் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே திகனைக்குப் போய்விடுவார்கள். அங்கே ரமேஸ் சேர் என்று ஒருவர் ஏசி போட்டு வகுப்பு நடத்துகிறார். அந்த ஏசியில் உட்கார்ந்தால் பிள்ளைகளுக்குக் கணக்கு வருமோ இல்லையோ, மூக்கு ஒழுகுகிற தடிமன் நிச்சயம் வரும். ஆனால் தாய்மாருக்கு ஏசி என்றால் ஒரு இது.

யாரோ பென் டிரைவ் செருகியதில் பெட்டிக்குள் இருந்த எதையும் திறக்க முடியாமல் போனது. சர்மிளா சந்தியில் கடை வைத்திருக்கும் அரூஸைக் கூப்பிட்டாள். அவன் பார்த்துவிட்டு, "வைரஸ்தான் டீச்சர். கடைக்குக் கொண்டுபோய் சுத்தம் செஞ்சு வெள்ளிக்கிழமை தாறன்" என்றான். பணிவான பேச்சு. எனக்குப் பணிவானவர்களைக் கண்டால் பயம். டிக்கட் இல்லாதவன்தான் எழும்பி சீட் கொடுப்பான்.

அதிலும் அவனுடைய மகள் ஸுமைரா எங்கள் வகுப்பிலேயே படிக்கிறாள். வினாத்தாள் இருக்கும் பெட்டி, பரீட்சை எழுதப் போகும் பிள்ளையின் தகப்பன் கடையில் இரண்டு நாள்! இதை நான் சொன்னபோது என் மனைவி ஜெயராணி, "ஒங்களுக்கு சாமி சிலையக் காட்டினாலும் டிக்கட் இருக்கானு கேப்பீங்க" என்றாள்.

அவள் கிடக்கட்டும். பஸ் நிலைய பெஞ்சில் எனக்குத் தெரிந்த பென்ஷன்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள்: ரிப்பேர் கடைக்காரன் நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு பழசை மாட்டிவிடுவான், ரேம் என்று ஒன்று இருக்கிறது, அதில்தான் அவனுக்குக் கண். ஆகவே அரூஸ் வந்து தூக்கிப் போகுமுன் நான் பெட்டியைத் திறந்தேன். ஜெயராணியின் அலுமாரியில் இருந்த, நகத்துக்குப் பூசும் சிவப்புக் கியூடெக்ஸை எடுத்து, உள்ளே இருந்த சாமான்களுக்கெல்லாம் ஒவ்வொரு பொட்டு வைத்தேன். ரேம் என்பது விரல் நீளத்தில் ஒரு பச்சைத் தகடு, அடியில் தங்கப் பற்கள். அதற்குக் கொஞ்சம் தாராளமாகவே பூசினேன். மூடிப் பார்த்தபோது உள்ளே கல்யாணப் பெண் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அரூஸ் பெட்டியைக் கொண்டுவந்து வயர்களைப் பூட்டிச் சுவிட்சைப் போட்டான். குதிரை மாதிரி எழும்பியது. சர்மிளா வினாத்தாளைத் திறந்து பார்த்துச் சிரித்தாள். அரூஸ் பிளேன்டீ குடித்துவிட்டுப் போனான். சர்மிளா கடதாசிக் கட்டு வாங்க கண்டி டவுனுக்குப் பஸ் ஏறினாள்.

நான் ஸ்குரு டிரைவரை எடுத்தேன்.

காற்றாடியில் பொட்டு இருந்தது. மற்றதிலும் இருந்தது. ரேமில்? மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சிவப்பு என்கிற பேச்சே இல்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. துக்கத்தில் இல்லை, பரம சந்தோஷத்தில். இத்தனை வருடம் கழித்து ஒரு ஆள் மாட்டியிருக்கிறான்!

தகட்டைச் சாட்சிப் பொருளாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அது உள்ளே என்ன வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் இவ்வளவு பெரிய பெட்டியில் இத்தனை சின்னத் துண்டு இல்லாவிட்டால் என்ன? ஸ்பெயார் டயர் இல்லாமல் நான் மலை ஏறி இறங்கியிருக்கிறேன். பெட்டியை மூடி, உருண்டு போன ஸ்குருக்களைத் தேடிப் பூட்டுவதற்குள் மத்தியானமாகிவிட்டது. சந்திக்கு நடந்தேன். நடந்தேன் என்பது சும்மா ஒரு பேச்சு, பறந்தேன்.

அரூஸின் கடையில் பாலம்மா போட்டோகொப்பி எடுத்துக்கொண்டு நின்றாள். அவளுடைய இரட்டைப் பையன்கள் எங்கள் வகுப்பில்தான். இன்னும் நாலைந்து பேர் நின்றார்கள். எனக்கு நாற்பது பேர் போலத் தெரிந்தது. விசாரணைக்குச் சபை வேண்டும்தானே.

"தம்பி அரூஸ், எங்க வீட்டுப் பொட்டியில இருந்த நல்ல ரேமை என்னா பண்ணுனீங்க?"

"என்ன ஐயா செல்றீங்க?" என்று அவன் எழும்பினான்.

"மாத்தி வச்சிருக்கீங்க. எங்கிட்ட அத்தாட்சி இருக்கு. ரேமோட போச்சுன்னா சரி. ரெண்டு நாளு வினாத்தாளும் இங்கதான இருந்துச்சு? ஒங்க மகளும் நாளைக்குப் பரீட்சை எழுதுதுதானே?"

பாலம்மா போட்டோகொப்பியை விட்டுவிட்டுத் திரும்பினாள். "என்னங்க செக்கரய்யா, பேப்பர் வெளிய போயிருச்சா?"

"நான் போச்சுன்னு சொல்லல. போகலன்னும் சொல்லல."

பாலம்மாவுக்கு அது போதும். போனை எடுத்து இரண்டு கட்டை விரலாலும் தட்டத் தொடங்கினாள். தாய்மாருக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. அந்த வேகத்தில் பாலம்மா கொழுந்து பறித்திருந்தால் தோட்டத்துரை அவளுக்கே பங்களாவைக் கொடுத்திருப்பார்.

அரூஸின் முகம் சிவந்தது. "ஐயா, எனக்கு உங்கட பேப்பரும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று அவன் சொல்லும்போதே அவனுடைய போன் அடித்தது. சர்மிளா. அவன் ஸ்பீக்கரில் போட்டான்.

"அரூஸ், டவுன்லேருந்து வந்து போட்டா கம்பியூட்டர் எழும்புதில்ல! காலையில நல்லாத்தானே இருந்துச்சு? வைரஸ் எடுத்ததுல ஏதும் பழுதாகிருச்சா?"

நான் சபையைப் பார்த்துத் தலையாட்டினேன். கேட்டீர்களா என்கிற மாதிரி.

"பதறாதீங்க டீச்சர். காத்தாடி சுத்துதா?"

"சுத்துது."

"ஸ்கிரீன்ல எழுத்து ஏதும்?"

"ஒன்னுமே இல்ல. கறுப்பு."

"சத்தம் ஏதும் போடுதா?"

"விட்டு விட்டுக் கூவுது. கேளுங்க." போனுக்குள் பெட்டி பிள்ளைபெறும் ஆட்டைப் போலக் கத்தியது.

அரூஸ் நெற்றியைச் சுருக்கினான். "வைரஸ் எடுத்ததுல எழும்பாட்டி ஸ்கிரீன்ல ஏதாச்சும் எழுதிக் காட்டும் டீச்சர். இது அப்டி இல்ல. உள்ள ரேம் இல்லாட்டித்தான் இந்த மாதிரிக் கூவும்."

"அடா!" என்று நான் மேசையில் தட்டினேன். "ரேம் இல்லையாம்! அவரு வாயாலேயே வந்துருச்சு! எல்லாரும் கேட்டுக்கங்க! ரேமை எடுத்துட்டு வச்ச போலியப் பாருங்க, இந்தா!" சட்டைப் பையிலிருந்து தகட்டை எடுத்து உயரத் தூக்கிப் பிடித்தேன்.

போனுக்குள் ஆடு கத்திக்கொண்டிருந்தது.

அரூஸ் தகட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். மெதுவாகக் கேட்டான்: "ஐயா, அது உங்கட கையில இருந்தா பொட்டி எப்டி எழும்பும்?"

"அப்பா, அங்கயா இருக்கீங்க? கையில என்னா வச்சிருக்கீங்க?" என்றாள் சர்மிளா.

என்னைச் சுற்றியிருந்தவர்கள் சிரித்ததில் கடையின் கண்ணாடி வெடிக்காதது அரூஸின் அதிர்ஷ்டம். ஆனாலும் நான் லேசில் விடுகிற ஆளா? பொட்டு எங்கே போனது என்று கேட்டேன்.

"பொட்டா? அந்தச் சிவப்புப் பிசின் நீங்க வச்சதா?" அரூஸ் தலையில் கை வைத்தான். "பல்லுக்குள்ள எல்லாம் வழிஞ்சு ஒட்டியிருந்த ஐயா. எங்கட கடையிலயும் பொட்டி இதே மாதிரித்தான் கூவின. அழி ரப்பரால தேச்சுத் தேச்சு என் விரல் தேஞ்ச. நான் என்னமோ பூச்சி நசுங்கி இரிக்கி எண்டு நெனச்ச."

அவனுடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்குப் போனேன். அவன் பெட்டியைத் திறந்தான். தகட்டை இரண்டு பெருவிரலாலும் அழுத்தினான், 'டக்' என்றது, பெட்டி எழும்பியது. வினாத்தாள் ஒரு எழுத்துக் குறையாமல் இருந்தது.

"அப்புறம் என்ன, எல்லாம் சரிதானே" என்றேன்.

சர்மிளா தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். பாலம்மா குரூப்பில் எழுதியிருந்தாள்: பேப்பர் வெளியே போய்விட்டதாம், செக்கரய்யாவே சொன்னாராம். அதற்குக் கீழே தாய்மார் ஆளுக்கொன்று எழுதியிருந்தார்கள். ஒருத்தி ரமேஸ் சேரின் நம்பரைக் கேட்டிருந்தாள். இன்னொருத்தி உடனே கொடுத்திருந்தாள்.

"என் மகள் நாளைக்கு வர மாட்டா டீச்சர்" என்றான் அரூஸ். "வந்து நல்லா எழுதினா களவு எண்டுவாங்க. வேணாம்."

"வராட்டியும் அதத்தான் சொல்லுவாங்க" என்றாள் சர்மிளா. அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "ஸுமைராவை அனுப்புங்க. இந்தப் பேப்பரை நான் வைக்கப் போறதில்ல. புதுசு போடறேன்." குரூப்பிலும் அப்படியே எழுதினாள்: நாளை முற்றிலும் புதிய வினாத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்க அந்தக் கதிரையில உக்காருங்க. கணக்குக் கேள்வி சொல்லுங்க. எழும்பக் கூடாது."

"நல்லா வேணும்" என்று குசினியிலிருந்து ஜெயராணியின் குரல் வந்தது.

விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் சொன்னேன். ஆயிரம் கணக்குச் சொல்லியிருப்பேன். அதில் ஒன்றைத்தான் சர்மிளா எடுத்துக்கொண்டாள். 'கண்டியிலிருந்து மடுல்கெல்லைக்குச் சென்ற பஸ்ஸில் சாரதி, நடத்துநர் உட்பட முப்பத்தெட்டுப் பேர் இருந்தனர். வத்தேகமையில் ஒன்பது பேர் இறங்கினர். அங்கே ஏறிய பரிசோதகர் டிக்கட் இல்லாத மூவரை இறக்கிவிட்டார். பஸ் புறப்பட்டபோது அதில் எத்தனை பேர்?' விடை இருபத்தாறு என்று நானே எழுதிக் கொடுத்தேன்.

பரீட்சை நடந்தது. எல்லாப் பிள்ளைகளும் வந்தார்கள். பாலம்மாதான் முதலில் வந்தாள், இரண்டு பையன்களோடும், ஒன்றுமே நடக்காதது போன்ற முகத்தோடும். அடுத்த வாரம் சர்மிளா வரிசையை வாசித்தாள். அரூஸின் மகள் கடைசியிலிருந்து எண்ணினால் சீக்கிரம் வந்துவிடுகிற இடத்தில் இருந்தாள்.

அன்று பின்னேரம் சந்திக்குப் போனேன். அரூஸ் மகளின் விடைத்தாளைக் கடைக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தான்! வருகிற போகிற ஆட்களையெல்லாம் கூப்பிட்டு, "பாருங்க, பேப்பர் களவெடுத்த வாப்பாட மகள் எடுத்த மார்க்கைப் பாருங்க!" என்று காட்டிக்கொண்டிருந்தான். பிள்ளைக்கு மார்க் குறைந்ததில் இவ்வளவு சந்தோஷப்பட்ட தகப்பனை நான் இலங்கையிலேயே பார்த்ததில்லை. அவனுக்குப் பின்னால் ஸுமைரா உம்மென்று உட்கார்ந்திருந்தாள்.

"செக்கர் ஐயா, இப்ப செல்லுங்க!" என்றான் அரூஸ். "நான் கள்ளனா?"

"இல்ல தம்பி. தப்பு என்னோடதுதான்" என்றேன், சந்திக்கே கேட்கும்படி. விடைத்தாளைக் கண்ணாடியில் கொஞ்சம் பார்த்தேன். பழக்கதோஷம். என் பஸ் கணக்குக்கு அந்தப் பிள்ளை இருபத்தேழு என்று எழுதி, சர்மிளா சிவப்பால் வெட்டியிருந்தாள்.

"மகள், இது எப்படி இருபத்தேழு?"

ஸுமைரா நிமிர்ந்தாள். "செக்கரும் ஏறின தானே? அவரும் ஆள்தானே?"

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். முப்பது வருடம் பஸ்ஸில் ஏறினவன் நான். என்னை நான் எண்ணவில்லை.

"இந்தப் பிள்ளை எழுதினதுதான் சரி! நான்தான் பிழையா விடை குடுத்துட்டேன்! இப்பவே டீச்சர்கிட்ட சொல்லி மார்க்கைக் கூட்டுறேன்!" என்று போனை எடுத்தேன்.

அரூஸ் கவுண்டரைத் தாண்டிப் பாய்ந்து என் கையைப் பிடித்தான். "ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், கூட்டிறாதீங்க! மார்க் கூடினா ஆக்கள் திரும்பச் சந்தேகப்படுவாங்க!"

"வாப்பா!" என்று கத்தினாள் ஸுமைரா. "அது எனக்கு வர வேண்டிய மார்க்!"

நான் நம்பரை அழுத்தினேன்.