மருமகள் கலக்கிய பால்

மருமகள் கன்றுகளுக்கென்று வாங்கிவந்த பொடி டப்பாவை மாமனார் தூக்கிச் சாணக்குழியில் எறிந்தார். மருமகள் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் குழியில் இறங்கி, அதை எடுத்துக் குழாயடியில் கழுவினாள். நல்லவேளை, மூடி திறக்கவில்லை.

"நல்ல கிருமியாம், வயித்துக்கு நல்லதாம். கன்னுக்குட்டிக்குப் பொடி கலந்து குடுக்கறதை என் ஆயுசுல பார்த்ததில்ல," என்றார் அவர்.

"போன மாசம் மூணு கன்னு கழிஞ்சே செத்துச்சே மாமா, அதைப் பார்த்தீங்கல்ல?"

கன்றுக் கொட்டகையை அவள் பொறுப்பில் விட்டவரே அவர்தான். மிச்சமிருந்த ஆறு கன்றுகளுக்கும் அவர் கண்ணெதிரிலேயே வெதுவெதுப்பான பாலில் பொடியைக் கலந்து புகட்டினாள்.

நாலாம் நாள் ஒரு கன்று கழிந்தது. "நான் சொன்னேன்ல?" என்று வந்து நின்றார். ஆனாலும் அவள் பொடியை நிறுத்தவில்லை. உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரை வேளைக்கு வேளை கொடுத்தாள், ஈர வைக்கோலை அள்ளிவிட்டுக் காய்ந்ததை விரித்தாள். மூன்றே நாளில் அது எழுந்து வாளியை முட்டியது.

மாதக் கடைசியில் தடுப்பூசி போட வந்த மாட்டு டாக்டர் ஆறையும் தடவிப் பார்த்தார். "நல்லாத் தேறியிருக்கே, என்ன குடுக்கறீங்க?"

"நாங்க பால்ல ஒரு பொடி கலக்குறோம்," என்று மாமனார் முந்திக்கொண்டார்.

"நாங்க இல்ல டாக்டர், நான்," என்றாள் மருமகள். "மாமா அதைச் சாணக்குழியில போட்டவரு."

டாக்டர் ஊசியில் மருந்தேற்றுவதில் மும்முரமானார். மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டபடி, கன்றைப் பிடித்துக்கொடுக்க உள்ளே போனார்.