பீரோக் கதவில் ஏறிய விறகு

மழைக்கு இன்னும் ஒன்பது நாள் என்று வானொலி சொன்ன அன்று காலை, மெக்கானிக் தன் அம்மாவின் கட்டிலைக் கழற்றினான்.

“கட்டில் கால் எங்கடா?”

“மெஷின்ல இருக்கும்மா.”

அம்மா பாயை உதறித் தரையில் விரித்துக்கொண்டாள். அந்த வீட்டில் எது காணாமல் போனாலும் கடைசியில் ஏதாவது ஒரு மெஷினில்தான் கிடைக்கும்.

இந்த முறை விறகு இழுக்கும் மெஷின். வெட்டிய விறகெல்லாம் மேட்டுக்கு அந்தப் பக்கச் சரிவில் கிடந்தது. வீடு இந்தப் பக்கம். பொழுது சாய்வதற்குள் வாசலில் கட்டில் கால்கள்மேல் ஒரு பழைய மொபெட் எஞ்சின் நின்றது. எஞ்சினிலிருந்து பெல்ட், பெல்ட்டிலிருந்து பல் சக்கரம், பல் சக்கரத்திலிருந்து கயிறு சுற்றும் உருளை. கயிறு மேடேறி, உச்சி மரத்தில் கட்டிய கப்பி வழியாக அந்தப் பக்கம் இறங்கி, ஒரு பீரோக் கதவின் கைப்பிடியில் முடிந்தது. கதவின்மேல் விறகை அடுக்கினால் சறுக்கிக்கொண்டு மேலேறும். உச்சியில் அவன் மனைவி நின்று விறகை வாசல் பக்கம் உருட்டிவிட்டு, வெறும் கதவைத் திரும்பக் கீழே தள்ள வேண்டும்.

போன வருஷம்வரை அவளுடைய அண்ணனின் மாடுகள்தான் இழுத்தன. அண்ணன் இழுத்துக் கொடுத்தோம் வந்தோம் என்று இருந்திருக்கலாம். சாப்பிட உட்கார்ந்த இடத்தில், “மாப்பிள்ளை செய்யுற மெஷின் எல்லாம் நல்லாவே கத்துது” என்றான். மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது.

“இனிமே உங்க மாடு என் விறகை மோந்துகூடப் பாக்கக் கூடாது” என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்தவன்தான். அதன் பிறகு இருவருக்கும் பேச்சில்லை.

முதல் நாள் மூன்று நடை ஜோராக ஏறியது. நாலாவது நடையில் கதவு பாதிச் சரிவில் நின்றுவிட்டது. எஞ்சின் மட்டும் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது.

“வருதா?” என்று வாசலிலிருந்து குரல்.

இல்லை என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. “வருது, வருது!” என்று கத்திவிட்டாள். சொன்ன பிறகு அதை மெய்யாக்க வேண்டுமே. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கி ஓடினாள். அண்ணனின் தொழுவம் சரிவின் அடியில்தான்.

அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து முடிக்க நேரமாயிற்று.

“மாப்பிள்ளை வந்து ஒரு வார்த்தை கேக்கட்டும்.”

“செத்தாலும் கேக்க மாட்டாரு. ஈர விறகை வெச்சுக்கிட்டு மழை விடுற வரைக்கும் நான்தான் அடுப்பை ஊதிக்கிட்டு உக்காரணும்.”

“சரி, ஓட்டிக்கிட்டு வர்றேன்.”

“முதல்ல மாட்டு மணியைக் கழட்டுண்ணே. அவருக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா எல்லா விறகையும் திரும்ப இந்தப் பக்கமே உருட்டி விட்டுடுவாரு.”

“யாருக்கும் தெரியாம செய்யுற உதவியில என்னடி ருசி இருக்கு?” என்று முனகிக்கொண்டே அண்ணன் மணியைக் கழற்றினான்.

அன்றுமுதல் அந்தப் பக்கம் மாடுகள் கதவை இழுத்தன. இந்தப் பக்கம் எஞ்சின் கத்தியது. கயிறு தொளதொளவென்று கப்பி வழியாகப் போய்க்கொண்டிருந்தது. எப்படியோ போகிறது என்று அவளும் விட்டுவிட்டாள்.

ஒரு நாள் சாயங்காலம் அவன் அவள் குதிகாலைப் பார்த்தான். “என்னது, சாணியா?”

“அங்க யார் மாடோ மேயுது” என்றாள். பேச்சை மாற்ற அவன் கையைப் பிடித்துப் பார்த்தாள். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம், முழங்கைவரை கிரீஸ். “மெஷின்தானே இழுக்குது, கை ஏன் இப்படி ஆச்சு?”

“ஆக்சிலேட்டரைப் பிடிச்சுப் பிடிச்சு” என்று கையை இழுத்துக்கொண்டான்.

கடைசி நடை. வானம் கறுத்து இறங்கிவிட்டது. கதவு முக்கால் சரிவு ஏறியபோது எஞ்சின் இருமி, விக்கி, நின்றுபோனது. அண்ணன் மாட்டை நிறுத்தவில்லை. கயிறும் நிற்கவில்லை.

“ஏன்டி, எஞ்சின் நின்னுடுச்சுல்ல?” என்றான் அண்ணன்.

“நின்னுடுச்சு.”

“அப்ப கயிறு எப்படிப் போகுது? பேய் பிடிச்சிருக்கா?”

அவள் உச்சியில் வாசலை மறைத்த கிளைகளை விலக்கி எட்டிப் பார்த்தாள். வாசலில் புருஷன் சட்டையில்லாமல், உருளையில் செருகிய கட்டில் காலைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தான்.

விறகை உருட்டிவிட்டு, பின்னாலேயே இறங்கி ஓடினாள்.

“பாத்துட்டியா?” அவனுக்கு மூச்சு வாங்கியது. “பெட்ரோல் தீந்துபோச்சு. முதல் நாள் நாலாவது நடையிலயே பெல்ட்டும் அறுந்துபோச்சு. உங்க அண்ணன் காதுல விழணுமேன்னு எஞ்சினைச் சும்மா ஓட விட்டேன்.”

“அப்ப அவ்வளவு விறகையும் கையாலயா இழுத்தீங்க?”

“எனக்கே நம்ப முடியலடி. முதல்ல அரைமணி நேரம் தொங்கிப் பாத்தேன், அசையவே இல்ல. பல் சக்கரத்துல கொஞ்சம் கிரீஸ் தடவினேன். அவ்வளவுதான்! தொட்டில் ஆட்டுற மாதிரி வருது. பூரா பல் சக்கரக் கணக்கு. எஞ்சினே தண்டம்.”

பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளை மாதிரி நின்றான். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. விறகு நனையாமல் வந்து சேர்ந்துவிட்டது. இனி வாயைத் திறக்காமல் இருந்தால் மழை முடியும்வரை மனுஷன் சந்தோஷமாக இருப்பான். இருந்துவிட்டுப் போகட்டும் என்று குனிந்து விறகை அடுக்கத் தொடங்கினாள்.

“ஊர்த் தச்சர்கிட்ட சொல்லிட்டேன்” என்றான் அவன். “பள்ளத்துல விழுந்து கிடக்கே, பத்துப் பேர் சேந்தும் தூக்க முடியாத அவரோட அடிமரம், அதை நாளைக்குக் காலையில ஒத்தைக் கையால இழுத்துக் காட்டறேன். ஊரே வருது.”

அவள் கையிலிருந்த விறகு நழுவிக் காலில் விழுந்தது.

“உங்க அண்ணனும் வந்து முன்னால நிக்கணும். ஆயிரம் இருந்தாலும் மச்சான். நானே போய்க் கூப்பிடறேன்” என்று சட்டையை மாட்டிக்கொண்டு மேட்டில் ஏறத் தொடங்கினான்.

வேலை முடிந்ததென்று அண்ணன் மாடுகளுக்கு மணியைக் கட்டிவிட்டான் போலிருக்கிறது. மேட்டுக்கு அப்பால் கலகலவென்று சத்தம் கேட்டது.

“என்னடி அது, மணிச் சத்தம்?”

“ஏங்க, கொஞ்சம் நில்லுங்க.”

நின்றான். முதல் தூறல் அவன் தோளில் விழுந்தது. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“அந்தக் கதவை இத்தனை நாளா எங்க அண்ணன் மாடுதாங்க இழுத்துச்சு.”